படிக்கப்படாத இரண்டாம் தாள்

ராசம்மாள் இருகூரை அடுத்த ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராக இருந்தார். காலை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டி, அரிசி களைந்து, காய் நறுக்கி, நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைப்பது அவருடைய வேலை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு தலைமையாசிரியரின் அறையில் அவருக்கு மற்றொரு வேலை காத்திருக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது. சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், மேலதிகாரிகளுக்கு மாதந்தோறும் அனுப்பும் படிவங்கள் ஆகிய அனைத்தையும் எழுதியவர் அவரே. தலைமையாசிரியர் கையொப்பம் மட்டும் இடுவார். அந்தப் படிவங்களில் சிலவற்றை நான் பின்னாளில் பார்த்தேன். பதிவுத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் இருந்தவன் என்பதால், அடித்தல் திருத்தல் இல்லாத ஒரு பக்கத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அவர் பிறந்தது வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். பெற்றோர் பிறருடைய காடுகளில் களை வெட்டியும் கடலை பறித்தும் பிழைத்த கத்தோலிக்கர். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு, தாராபுரத்தில் கன்னியர் நடத்திய ஒரு விடுதியில் தங்கிப் படித்தார். 1979-இல் பத்தாம் வகுப்பை முதல் வகுப்பில் முடித்தார். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. பத்தொன்பதாம் வயதில் சிங்காநல்லூர் ஜெரோமை மணமுடித்துக் கோயம்புத்தூருக்கு வந்தார். ஜெரோம் கடைப் பலகைகளிலும் மதில் சுவர்களிலும் விளம்பரம் எழுதும் பெயிண்டர், வேடிக்கையாகப் பேசுபவர், நல்ல மனிதர்.

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தது ஜெரோமின் தூரிகைதான். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், திருச்சி சாலையில் எட்டுச் சுவர்களில் ஒரே விளம்பரத்தை எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. ‘வெற்றிப்படி தனிப்பயிற்சி நிலையம். அரசு இளநிலை உதவியாளர் தேர்வுக்கு ஆறு மாதப் பயிற்சி. தேர்ச்சி இல்லையேல் முழுப் பணமும் வாபஸ்.’ எட்டாவது சுவரை எழுதி முடித்து வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொன்னாராம்:

“ஏனம்மணி, ஊரார் பதிவேடெல்லாம் எழுதறயே, உனக்குன்னு ஒரு பரீட்சை எழுதினா என்ன? தேறினா உத்தியோகம். தேறலைன்னா காசு திரும்ப வருது. இதுல நட்டம் எங்க இருக்குது?”

“சுவத்துல எழுதறதெல்லாம் நெசமுங்களா?”

“மத்தவன் எழுதுனா சந்தேகப்படு. இது நானே எழுதினது.”

அப்போது ராசம்மாளுக்கு முப்பது வயது நிறைந்திருந்தது. அவருக்குரிய வயது வரம்பின்படி 1994 மார்ச்சில் நடைபெறவிருந்த தேர்வே கடைசி வாய்ப்பு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டணம் செலுத்திச் சேர்ந்தார். ரசீதின் பின்புறத்தில் உத்தரவாதம் அச்சிடப்பட்டிருந்தது: ‘வகுப்புகளுக்கு முறையாக வந்து, மாதிரித் தேர்வுகள் அனைத்தையும் எழுதியும் தேர்ச்சி பெறாதவர்களுக்குக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.’

நிலையத்தின் உரிமையாளரும் ஆசிரியரும் திருமூர்த்தி என்பவர். நாற்பது வயதைக் கடந்தவர், மென்மையாகப் பேசுபவர், பாடங்களை நன்றாகவே நடத்தினார் என்று ராசம்மாள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வகுப்பு. ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. பூசைக்குப் போய்விட்டு நேரே தேர்வுக்குப் போவார். ஆறு மாதங்களில் ஒரு நாள்கூட அவர் வகுப்பைத் தவறவிடவில்லை.

பள்ளியில் செய்தி பரவிவிட்டது. சத்துணவு அமைப்பாளர் வேங்கடசாமி அன்றாடம் ஏதாவது சொல்வார்.

“கலெக்டரம்மா, பருப்பு வெந்துருச்சுங்களா? இல்ல, அதுக்கும் ஒரு ஆர்டர் போடோணுங்களா?”

“வெந்துருச்சுங்க. நீங்க வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“பாத்தீங்களா, இப்பவே அதிகாரம் வந்துருச்சு!”

ராசம்மாள் சிரித்துக்கொள்வார். தேர்வு முடிந்து பதினான்கு மாதங்கள் முடிவு வரவில்லை. அந்தப் பதினான்கு மாதங்களும் இந்தக் கேலியும் சிரிப்பும் தொடர்ந்தன. 1995 மே மாதம் ஒரு நாள் செய்தித்தாளில் தேர்வானவர்களின் பதிவெண்கள் வெளியாயின. அவருடைய எண் அதில் இல்லை. மறுநாள் வேங்கடசாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் தம்மை அழ வைத்தது என்று ராசம்மாள் சொன்னார்.

பணத்தைக் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் ஜெரோம். ராசம்மாளுக்கு அதில் விருப்பமில்லை. தாம் தேறாததற்கு வாத்தியாரிடம் போய்க் காசு கேட்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கணவரின் வற்புறுத்தலால் இருவரும் போனார்கள். திருமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்.

“ரொம்ப வருத்தமுங்க அம்மணி. நீங்க தேறுவீங்கன்னு நான் எழுதியே வெச்சிருந்தேன். பணம் தரோணும், தர்றேன். தேறலைங்கறதுக்கு ஆதாரம் கொண்டாந்திருக்கீங்களா?”

“பேப்பர்ல நம்பர் இல்லீங்களே சார்.”

“பேப்பர்ல அச்சுப் பிழை எத்தனையோ வருதுங்க. நம்பர் இல்லாதது ஆதாரமாகாது. தேர்ச்சி பெறலைன்னு மெட்ராஸ்ல இருந்து ஒரு தாள் வாங்கியாந்துருங்க. அடுத்த நிமிசம் பணம்.”

ஜெரோமுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க சார், தேறுனவனுக்கே தாள் வர ஒரு வருசம் ஆகுது. தேறாதவனுக்குப் பாராட்டுப் பத்திரமா அனுப்பி வெக்கப் போறாங்க?”

“ஜெரோம், நீங்க நம்ம ஆளு. உங்ககிட்டக் கோவிச்சுக்க முடியுமுங்களா? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.”

தோற்றதை மெய்ப்பிக்க வழியில்லாமல் அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் சிங்காநல்லூரில் ஒரு நுகர்வோர் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் அமர்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வந்தேன். 1995 ஜூலை எட்டாம் நாள் ராசம்மாள் முதன்முறையாக வந்தார். கையில் ரசீது, தேர்வு நுழைவுச் சீட்டு, செய்தித்தாள் நறுக்கு, நூலால் தைத்த ஒரு கட்டுத் தாள் ஆகியவை இருந்தன. அந்தக் கட்டில் இருந்தவை அவர் எழுதிய மாதிரித் தேர்வுத் தாள்கள். இருபத்தாறு பொதுத் தமிழ்த் தாள்களும் தேதி வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு சிறு சிலுவைக் குறி, அதற்குக் கீழே தேதி, பிறகு விடைகள், ஓரத்தில் திருமூர்த்தியின் சிவப்பு மை மதிப்பெண். மிகக் குறைந்த மதிப்பெண் அறுபத்தொன்று.

“ஆதாரங்கள் எல்லாம் முறையா இருக்குது அம்மணி. பணம் வாங்கிப்போடலாம்” என்றேன்.

அவர் தாள் கட்டின் நூலை இறுக்கி முடிந்தார். பிறகு சொன்னார்: “பணம் எங்கூட்டுக்காரரு கேக்கறதுங்கய்யா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். எத்தனை மார்க்குல போச்சுன்னு. அம்பது மார்க்குல போச்சுன்னாலும் சரி, ஒரு மார்க்குல போச்சுன்னாலும் சரி. இந்த ஊட்டு வேலைக்கும் அடுப்புக்குந்தான் நானுன்னு தெரிஞ்சுட்டா மனசு அதுபாட்டுக்கு அடங்கீருமுங்க. தெரியாமத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.”

தேர்வை நடத்திய சென்னை அலுவலகத்துக்கு அன்றே விண்ணப்பம் எழுதினேன். பதிவஞ்சலில் அனுப்பினோம். இரண்டு நினைவூட்டுகளுக்குப் பிறகு நவம்பர் மாதம் விடை வந்தது. சங்கத்தின் முகவரிக்கு வந்ததால் முதலில் படித்தவன் நான்.

தாள் ஒன்று, பொது அறிவு: நூற்றுக்கு எழுபத்து நான்கு. தாள் இரண்டு, பொதுத் தமிழ்: விடைத்தாளின் முதற்பக்கத்தில் தேர்வர் குறியீடு ஒன்றை இட்டிருப்பதால், தேர்வர்க்கான அறிவுரை எண் பதினொன்றின்படி செல்லாததாக்கப்பட்டது, மதிப்பிடப்படவில்லை. அவருடைய பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மொத்த மதிப்பெண்: நூற்று இருபத்தெட்டு.

அறிவுரை எண் பதினொன்று எனக்குப் புதிதன்று. விடைத்தாள் யாருடையது என்று திருத்துபவர் அறியக் கூடாது என்பதற்காக, பெயரோ, கடவுள் பெயரோ, எந்த அடையாளமோ தாளில் இருக்கக் கூடாது என்பது பொது விதி. முதல் தாளில் விடைகளைக் கட்டங்களில் குறிப்பது மட்டுமே என்பதால், அதில் வேறெதுவும் எழுத இடமில்லை. பிள்ளையார் சுழி இட்டவரின் தாளும் அதே விதியால் செல்லாமற் போயிருக்கும். ஆனால் ஜூலையில் அந்த இருபத்தாறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிய எனக்கு அந்த விதி நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தேர்வு முடிந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். நான் விளக்க முற்படவில்லை. கடிதத்தை ராசம்மாளின் கையில் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார். எழுத்துக்களைச் சரிபார்க்கும் ஒருவரைப் போல விரல் வைத்துப் படித்தார்.

“ஏனுங்கய்யா, அப்ப ரெண்டாவது பேப்பரை ஆருமே படிக்கலீங்களா?”

“படிக்கலை அம்மணி.”

“நான் எழுதினது அப்படியே கெடக்குதுங்களா?”

“ஆமாம்.”

ஜெரோம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கணக்கு விரைவாக வந்தது. “எழுவத்தி நாலு போக அம்பத்தி நாலு வேணும். இவ அறுவதுக்குக் கொறைஞ்சு வாங்குனதே இல்லீங்களே” என்றார். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கன்னியர் விடுதியில் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொண்ட பழக்கம் அது என்று ராசம்மாள் அன்றுதான் எனக்குச் சொன்னார். ஏட்டில் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் முதலில் சிலுவைக் குறி, பிறகுதான் எழுத்து. தேர்வு நாளில் அதை இட்டது அவருக்கு நினைவுகூட இல்லை. “மூச்சு உடற மாதிரிங்க. போட்டேனா இல்லையான்னு கேட்டா எனக்கே தெரியாதுங்க.”

சிறிது நேரம் கழித்து, “அதை ஒருக்கா படிச்சு மார்க்கு மட்டும் சொல்லச் சொல்ல முடியாதுங்களா? வேலை தர வேண்டாமுங்க. மார்க்கு மட்டும்” என்று கேட்டார்.

“அதுக்குத் தனியா விண்ணப்பம் எழுதோணும் அம்மணி. மொதல்ல வழக்கை முடிப்போம்” என்றேன்.

நான் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் இருந்தது. திருமூர்த்தி கேட்ட தாள் இப்போது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதையே காட்டி அவர் பணத்தை மறுக்கலாம். தேர்வர் தோற்கவில்லை, தம் தவற்றால் தகுதி இழந்தார் என்பார். அதற்கு எதிரான சான்றும் எங்களிடம் இருந்தது. இருபத்தாறு தாள்களிலும் குறி இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆசிரியர் திருத்தியிருக்கிறார். ஒன்றில்கூட அதைச் சுட்டிக்காட்டியிருக்கவில்லை. தேர்வுக்குப் பயிற்சி தருபவர் தேர்வின் விதியைச் சொல்லித் தராதது சேவைக் குறைபாடு. வழக்கு இந்த ஒரு புள்ளியில் நின்றது. இந்நிலையில் சென்னைக்கு மறுமதிப்பீடு கேட்டு எழுதினால், தாளைத் தள்ளியதே தவறு என்று நாங்களே சொல்வதாகிவிடும்; அது மனுவை வலுவிழக்கச் செய்யும் என்று கருதினேன்.

நான் எதிர்பாராத தடை ராசம்மாளிடமிருந்து வந்தது. மனுவின் வரைவைப் படித்தவர், ‘மனுதாரர் அறியாமையால் செய்த தவறு’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இதை மட்டும் எடுத்துருங்கய்யா.”

“ஏன் அம்மணி?”

“சிலுவை போட்டது தப்புன்னு என் வாயால சொல்லோணுங்களா? எங்கப்பன் சாகறப்பக்கூட என்ர நெத்தியில அதைத்தானுங்க போட்டாரு.”

“தப்புன்னு சொன்னாத்தான் அதைச் சொல்லித்தராதது அவர் தப்பாகும்.”

“அப்ப கேஸே வேண்டாமுங்க.”

ஜெரோம் குறுக்கிட்டார். “ஏனு ராசு, சாமி கோவிச்சுக்குமுன்னு பயப்படறயா? சாமிக்கு மெட்ராஸ் ஆபீசு ரூலெல்லாம் தெரியுமாக்கும்?”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு.”

இரண்டு வாரங்கள் அவர்கள் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ராசம்மாள் தனியாக வந்தார். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், மன்றத்தில் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். நான் எடுத்துவிட்டேன். 1996 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்தோம். மார்ச்சு இருபதாம் நாள் விசாரணைக்கு வந்தது.

திருமூர்த்தியின் சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். எதிர்பார்த்தபடியே அவர் வாதிட்டார். உத்தரவாதம் ‘தேர்ச்சி பெறாதவர்களுக்கு’ மட்டுமே. இவருடைய தாள் மதிப்பிடப்படவே இல்லை. மதிப்பிடப்படாத ஒருவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று கொள்ள முடியாது. குறியை இட்டது இவருடைய தவறு. பிறகு ராசம்மாளைப் பார்த்து, “விடைத்தாளில் சிலுவை போட்டது தப்புன்னு ஒத்துக்கறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க” என்றார்.

ராசம்மாள் வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தார். குரலை உயர்த்தாமல் விடை சொன்னார்.

“போட்டது தப்பில்லீங்க. அது போடக்கூடாத எடம். அந்த எடத்துல போடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லித் தர்றதுக்குத்தானுங்களே சாருக்குக் காசு குடுத்தேன்?”

மன்றத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு தாள்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெண் உறுப்பினரிடம் இரண்டைக் காட்டினார். பிறகு வழக்கறிஞரை அமரச் சொல்லிவிட்டு, திருமூர்த்தியை எழுந்து வரச் சொன்னார்.

“இந்தச் சிவப்பு மை உங்களுதுங்களா?”

“ஆமாங்கய்யா.”

“பதினோராம் நம்பர் விதி உங்களுக்குத் தெரியுமா?”

திருமூர்த்தி வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தலையசைக்கவில்லை. ஆயினும் திருமூர்த்தி உண்மையைச் சொன்னார்.

“தெரியுமுங்கய்யா. மத்த பசங்க பிள்ளையார் சுழி போட்டாங்கன்னா அடிச்சுத்தான் உடுவேன். சுழிக்குச் சுழி அரை மார்க்கு கொறைப்பேன்.”

“அப்புறம் இந்தம்மா தாளில் ஏன் ஒரு தடவைகூட அடிக்கலை?”

திருமூர்த்தி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

“சுழிங்கறது எங்க சாமிங்கய்யா. உரிமையா அடிச்சுப்போடலாம். இது அவங்க சாமி. மொத நாளே பாத்தனுங்க. சிலுவை மேல செவப்பு மையில எப்படிங்க கோடு போடறது? கையே வரலீங்க. வாயால சொல்லலாம்னா, அவங்க சாமியைக் கொறை சொல்றதா நெனைச்சுக்குவாங்களோன்னு... இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தனுங்க. பரீட்சையில போட மாட்டாங்கன்னு நானா நெனைச்சுக்கிட்டேன்.”

இரு சமயத்தார் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் ஊர் இது. ஒருவர் மனம் புண்படலாகாது என்று மற்றவர் ஆயிரம் சொற்களை விழுங்கிக்கொண்டுதான் அவ்வாறு வாழ்கிறோம். அவர் விழுங்கிய சொல் அதில் ஒன்று. அவர் பொய் சொல்லவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

ராசம்மாள் அவர் பக்கம் திரும்பினார். மன்றத்தில் எதிர்த்தரப்பினரோடு நேரடியாகப் பேசக் கூடாது என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன்; அவர் அதை மறந்துவிட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே சார். நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டனுங்க.”

திருமூர்த்தி கும்பிட்டார்.

ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கட்டணம் முழுவதையும் செலவுத் தொகை முந்நூறு ரூபாயையும் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று ஆணை. திருமூர்த்தி மேல்முறையீடு செய்யவில்லை. பதினைந்தாம் நாளே வரைவோலையை அனுப்பிவிட்டார். அதே வாரம் ஜெரோமையும் வரவழைத்து, சுவர்களில் இருந்த கடைசி வரியை அழித்துத் தரச் சொன்னாராம். ஜெரோம் கூலி பேசிக்கொண்டு எட்டுச் சுவர்களிலும் அழித்தார்.

“எழுதறப்பச் சுவத்துக்கு முப்பது ரூவா. அழிக்கறப்ப நாப்பது வாங்கினனுங்க” என்று என்னிடம் சொன்னார். “வாபஸ்ங்கற வார்த்தை சுவத்துல நல்லா ஊறிப்போச்சுங்க. ரெண்டு பூச்சுப் பூசியும் வெயில்ல நின்னு பாத்தாத் தெரியுது.” சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

பணத்தில் வீட்டுக் கூரைக்குத் தகடு மாற்றினார்கள். ஜூலை மாதம் ராசம்மாள் மீண்டும் சங்கத்துக்கு வந்தார். வழக்கு முடிந்துவிட்டது, இப்போதாவது அந்த மார்க்கைக் கேட்டு எழுதலாமா என்று கேட்டார். நான் எழுதினேன். தேர்வர் எந்த உரிமையும் கோரவில்லை என்றும், செல்லாததாக்கிய முடிவை ஏற்கிறார் என்றும், அவருடைய இரண்டாம் தாளை ஒருவர் படித்து, என்ன மதிப்பெண் பெற்றிருப்பார் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும் என்றும், விதிகளில் இதற்கு இடமில்லையாயினும் இரக்கத்தின் அடிப்படையில் பரிசீலிக்குமாறும் எழுதினேன். என் வாழ்நாளில் விதியில் இடமில்லாத ஒன்றைக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் பதினோராம் நாள் விடை வந்தது. நான்கு வரிகள். தேர்வு முடிவுகள் வெளியாகி ஓராண்டு நிறைவுற்றதால், விதிகளின்படி அத்தேர்வின் விடைத்தாள்கள் அனைத்தும் 1996 மே மாத இறுதியில் அழிக்கப்பட்டுவிட்டன.

சனிக்கிழமை வரை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பேருந்தில் இருகூருக்குச் சென்று, விசாரித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. சமையலறை வாசலில் ராசம்மாள் சாம்பாருக்குக் கொத்தமல்லித் தழை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“வாங்கய்யா. நீங்களே வந்திருக்கீங்க. மார்க்கு வந்துருச்சுங்களா?”

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். நான்கு வரிகளுக்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

“மே மாசக் கடைசியிலீங்களா?”

“ஆமாம் அம்மணி.”

“நம்ம கேஸு மார்ச்சுல நடந்துச்சுங்களே.”

“ஆமாம்.”

“அப்ப இருந்திருக்குதுங்க.”

“இருந்திருக்கும்.”

நவம்பரில் அவர் கேட்டபோதே எழுதியிருந்தால், படித்திருப்பார்களா, மறுத்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. தாள் இருந்தது என்பது மட்டும் தெரியும். பணத்துக்கான வழக்கிற்கு அந்த மதிப்பெண் தேவைப்படவில்லை. ஆகையால் நான் கேட்கவில்லை. மனுவில் எனக்குத் தெரிந்த வேறு குறை எதுவும் இல்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“நீங்க என்னங்கய்யா பண்ணுவீங்க? பணத்தை வாங்கிக் குடுத்தீங்க. எங்கூட்டுக்காரருக்கு அதுதானுங்களே வேணும்னு இருந்துச்சு.”

உள்ளேயிருந்து வேங்கடசாமியின் குரல் கேட்டது. “அம்மணி, பிள்ளைங்க உக்காந்தாச்சு. சோறு கொண்டாரலாமுங்களா?”

“வாரேனுங்க” என்று ராசம்மாள் குரல் கொடுத்தார். கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கய்யா. ஊட்டுல இருந்தா எடுத்து எடுத்துப் படிப்பனுங்க.”

நான் வாங்கிக்கொண்டேன். அவர் நறுக்கிய தழையைச் சாம்பார்ப் பானையில் தூவி மூடிவிட்டு, சோற்று அண்டாவின் ஒரு காதைத் தாம் பிடித்துக்கொண்டு, மறு காதைப் பிடிக்க வேங்கடசாமியை அழைத்தார்.